ஏற்றுக்கொண்ட கை: பேறுகால வரலாற்றில் காபிலா

இப்னு கல்தூனின் ‘முகத்திமா’வை நம்மவர்கள் பெரும்பாலும் அரசுகளின் எழுச்சி வீழ்ச்சியை அறியவே எடுத்துப் படிக்கின்றனர். ஹிஜ்ரி 779இல் (கி.பி. 1377) எழுதப்பெற்ற அந்நூலின் ஐந்தாம் இயலில் தொழில்களைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. உழவு, கட்டடக்கலை, தச்சு, நெசவு, தையல் என்று சென்று, மருத்துவத்தைத் தொடங்குமுன் அவர் ஒரு தனிப் பிரிவை வேறொரு தொழிலுக்கு ஒதுக்குகிறார். அது பிள்ளைப்பேறு பார்க்கும் தொழில். அரபியில் அதற்குக் ‘கிபாலா’ என்றும், அதைச் செய்பவளுக்குக் ‘காபிலா’ என்றும் பெயர். எடுத்துக்கொண்ட பொருளால் மேன்மை பெற்ற தொழில்கள் என்று அவர் பிரித்துக் காட்டும் சிலவற்றுள் எழுத்தும் நூலாக்கமும் இசையும் மருத்துவமும் அடங்கும். அவற்றோடு இதுவும் இடம்பெறுகிறது.

காபிலா என்ற பெயருக்கு அவர் தரும் விளக்கம் எளிமையானது. தாய் கொடுக்கிறாள், இவள் ஏற்றுக்கொள்கிறாள். அந்த ஏற்றலிலிருந்து பிறந்தது பெயர். பின்னர், வரலாற்றாசிரியர் ஒருவரிடம் நாம் எதிர்பாராத நுணுக்கத்தோடு பேற்றறைக்குள் நுழைகிறார். கருவில் வளர்ச்சி முற்றிய சிசு வெளிவர முனைகிறது, வழியோ குறுகியது, அதனால் தாய்க்குக் கடும் நோவு உண்டாகிறது, சில வேளை உறுப்புகள் கிழிபடுவதும் உண்டு. அப்பொழுது காபிலா முதுகையும் இடுப்பையும் தொடைகளையும் நீவிவிட்டு, சிசுவை வெளித்தள்ளும் இயற்கை ஆற்றலுக்குத் துணை நிற்கிறாள். பிறந்ததும் கொடியை இடமறிந்து அறுத்து, அறுத்த வாயை ஆற்றுகிறாள். எலும்பு இளகியிருக்கும் குழந்தையின் உறுப்புகளை நீவி உருவுக்குக் கொணர்கிறாள். அத்தோடு அவள் வேலை முடிந்துவிடுவதில்லை. மீண்டும் தாயிடம் திரும்பி நஞ்சுக்கொடி வெளியேற உதவுகிறாள். அது பிந்தினால், அதற்குள் வாய் சுருங்கிவிட, உள்ளேயே தங்கி அழுகித் தாயின் உயிருக்கே கேடாகும் என்ற அச்சத்தை இப்னு கல்தூன் தனித்துச் சொல்கிறார். பேறு முடிந்தது என்று வீட்டார் மகிழும் நேரமே தாய்க்கு ஆபத்தான நேரம் என்பதை இவ்வளவு தெளிவாக அறிந்த ஆண்கள் அக்காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பர்?

இந்நோய்களிலும், பால்குடி மறக்கும்வரை குழந்தைக்கு வரும் நோய்களிலும், தேர்ந்த மருத்துவரைக் காட்டிலும் காபிலாக்களுக்கே அறிவு மிகுதி என்றும் அவர் எழுதிவிடுகிறார். இத்தொழில் இல்லாமல் மனித இனம் நிலைத்திருக்க இயலுமா என்று அல்ஃபாராபியோடும் ஸ்பெயின் நாட்டு மெய்யியலாரோடும் அவர் நடத்தும் வாதம் அதன் பின் வருகிறது. அதனை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

நம் ஊர்களில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சியின் நிலையை அறிந்தோர்க்கு, அவள் தொழில் எழுத்தோடும் நூலோடும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பது வியப்பூட்டும். நள்ளிரவில் அவளைத் தேடி ஓடுவோம்; வந்தவள் கையில் நம் வீட்டுப் பெண்ணின் உயிரையே ஒப்படைப்போம்; விடிந்ததும் அரிசியும் துணியும் கொடுத்துப் பின்வாசல் வழியே அனுப்பி வைப்போம். மலபாரில் ஒஸ்ஸாத்தி என்று அழைக்கப்பெற்ற மருத்துவச்சிகளின் குடும்பங்களோடு மற்ற முஸ்லிம்கள் பெண் கொடுக்கவோ எடுக்கவோ முன்வந்ததில்லை. தென்னகக் கடற்கரை முழுதும் இதன் சாயல் இருந்தது. அந்தக் கைக்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்பையும், பின்னர் அது அடைந்த நிலையையும், அதனால் தாய்மார் பட்ட பாட்டையும் சற்றே தேடிப் பார்ப்போம். தான் பட்ட நோவைத் தாயே எழுதிவைத்த ஏடுகள் நம்மிடம் மிகச் சில. அவள் அருகில் இருந்தவளைத் தேடினால்தான் அவளையும் காண முடிகிறது.

தொடக்க காலத்தில் இந்த நோவு மறைக்கத்தக்க ஒன்றாக இருக்கவில்லை. திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்தில் மர்யம் (அலை) அவர்களின் பேறு வருகிறது. ஆளரவமற்ற தொலைவிடம், நோவு அவரைப் பேரீச்ச மரத்தின் அடிக்கு விரட்டுகிறது, இதற்கு முன்பே இறந்து, எவர் நினைவிலும் இல்லாமல் போயிருக்கக் கூடாதா என்று அவர் வாய்விட்டு ஏங்குகிறார். அந்த ஏக்கத்துக்காக அவர் கண்டிக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதலும், காலடியில் நீரோடையும், உலுக்கினால் உதிரும் பழமுமே கிடைக்கின்றன. அங்கே காபிலா இல்லை. அவள் செய்ய வேண்டியவையெல்லாம் நடந்தேறுகின்றன. 31, 46 ஆகிய அத்தியாயங்களில், பெற்றோர்க்கு நன்றி செய்க என்ற கட்டளைக்குக் காரணம் சொல்லப்படும்போது, தாய் தளர்ச்சிமேல் தளர்ச்சியுற்றுச் சுமந்ததும், வருத்தத்தோடு ஈன்றதுமே முன்வைக்கப்படுகின்றன. பேற்றில் இறக்கும் பெண்ணை உயிர்த்தியாகிகளின் வரிசையில் சேர்க்கும் நபிமொழி முவத்தாவிலும் அபூதாவூதிலும் பதிவாகியிருக்கிறது.

ஹதீஸ் நூல்களில் பெயரோடும் இடத்தோடும் வரும் பேறுகள் சில உண்டு. அஸ்மா பின்த் அபீபக்ர் (ரழி) நிறைமாதச் சூலியாக மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புறப்பட்டவர். ஏறத்தாழ 450 கிலோமீட்டர் பாலைவழி. மதீனாவின் புறத்தேயுள்ள குபாவில் தங்கியபோது அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் பிறந்தார். ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதற் குழந்தை. இவர்களுக்கு இனிப் பிள்ளை பிறக்காது என்றொரு பேச்சு ஊரில் உலவிய வேளையில் பிறந்த பிள்ளையாதலால் மகிழ்ச்சி இரட்டிப்பாயிற்று. பெருமானார் (ஸல்) பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் வாயில் இட்டார்கள். நம் வீடுகளில் சேனை வைக்கும்போது இந்நிகழ்ச்சியை நினைப்போர் உண்டு. ஆனால் நிறைமாத வயிற்றோடு அந்தத் தாய் கடந்து வந்த வழியை நினைப்போர் குறைவு. அந்த வழியைப் பற்றி நமக்குச் சொல்பவரும் அவரேதான். அறிவிப்பு அவர் வாய்மொழியாகவே வந்திருக்கிறது.

உம்மு ஸுலைம் (ரழி) அவர்களின் நிகழ்ச்சி இன்னும் நெருக்கமானது. பயணத்திலிருந்து திரும்பும் கூட்டம் மதீனாவை நெருங்குகையில் அவருக்கு இடுப்புவலி கண்டது. கணவர் அபூதல்ஹா (ரழி) அவரோடு பின்தங்கினார். பெருமானாருடன் (ஸல்) புறப்பட்டு, அவர்களுடனேயே ஊர் நுழைவது அவர் விருப்பம். இப்போது தடைப்பட்டு நிற்கிறேனே என்று இறைவனிடம் முறையிட்டார். அப்போது மனைவி, முன்பு இருந்த வலி இப்போது இல்லை, புறப்படுங்கள் என்றார். ஊர் வந்து சேர்ந்த பின்னரே வலி மீண்டு, ஆண்மகவு பிறந்தது. வலி வருவதும் விடுவதுமாக இருக்கும் அந்த நேரத்தையும், செய்வதறியாது அருகில் நிற்கும் கணவனையும் ஸஹீஹ் முஸ்லிம் நமக்குக் காத்துத் தந்திருக்கிறது.

ஹிஜ்ரி 10இல் பெருமானார் (ஸல்) இறுதி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது, முதல் தங்குமிடமான துல்ஹுலைஃபாவில் அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) முஹம்மத் இப்னு அபீபக்ரை ஈன்றார். பெருங்கூட்டம் இஹ்ராமுக்கு ஆயத்தமாகி நிற்கிறது. ஈன்ற உடம்போடு இருக்கும் தாய், நான் என்ன செய்வது என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார். குளித்துத் துணி கட்டிக்கொண்டு இஹ்ராம் பூணுமாறு விடை வருகிறது. ஸுபைஆ அல்அஸ்லமிய்யா (ரழி) கணவரை இழந்த சில நாள்களில் பிள்ளை பெற்றவர். நான்கு மாதமும் பத்து நாளும் கழியாமல் மறுமணம் கூடாது என்று ஒருவர் சொல்ல, அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், மாலையில் உடையை எடுத்து உடுத்திக்கொண்டு பெருமானாரிடமே (ஸல்) சென்று கேட்டார். பிள்ளை பிறந்ததோடு இத்தா முடிந்துவிட்டது என்ற சட்டம் அவர் நடந்துபோன நடையால் நமக்குக் கிடைத்தது.

இவர்களோடு காபிலாவின் பெயரும் நிலைத்திருக்கிறது. அபூராஃபிஉ (ரழி) அவர்களின் மனைவி ஸல்மா. கதீஜா (ரழி) அவர்களின் பேறுகளையும், பின்னர் ஃபாத்திமா (ரழி) அவர்களின் பேறுகளையும் பார்த்தவர் என்று வாழ்க்கை வரலாற்று நூல்கள் அவரைக் குறிக்கின்றன. ஹிஜ்ரி 8இல் மாரியா (ரழி) அவர்களுக்கு இப்ராஹீம் பிறந்தபோது ஏற்றவரும் அவரே. அவர் கணவர் ஓடிச் சென்று செய்தி சொல்லப் பெருமானார் (ஸல்) அவருக்கு அன்பளிப்பு வழங்கினார்கள். ஸல்மா விடுதலை பெற்ற அடிமைப் பெண். நபித்தோழியர் வரிசையில் அவருக்குத் தனிப் பதிவு உண்டு.

மதீனாவின் அந்த நடைமுறை அறிவு ஏட்டறிவோடு கலந்தது பிற்காலத்தில். கிரேக்க மருத்துவ நூல்கள் அரபிக்கு வந்தபோது, ஏழாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பவுலுஸ் என்ற மருத்துவரின் நூலும் வந்தது. அவரை அரபியர் ‘அல்கவாபிலீ’, அதாவது காபிலாக்களுக்குரியவர் என்று அழைத்தனர். பேறு பார்க்கும் பெண்கள் ஐயங்களோடு அவரிடம் செல்வர் என்றும், அவர் விடை சொல்வார் என்றும் காரணம் தந்தனர். மருத்துவன் கற்பித்தான், காபிலா கேட்டாள் என்று மட்டும் இதனை நாம் கொள்வதற்கில்லை. அவள் கை கண்டதைச் சொல்லாமல் அவருக்குச் சிக்கல்கள் எப்படித் தெரிந்திருக்கும்?

பத்தாம் நூற்றாண்டுக் குர்துபாவில் இக்கலை உச்சம் எய்தியது. கலீஃபா இரண்டாம் அல்ஹகமின் அவையைச் சார்ந்த அரீப் இப்னு ஸஅத், வரலாற்றாசிரியராகவும் இருந்துகொண்டு, கருவின் தோற்றம், சூலியரைப் பேணுதல், பிறந்த குழந்தையின் வளர்ப்பு ஆகியவற்றுக்கென்றே தனிநூல் எழுதினார். அவரை அடுத்து வந்தவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ. ஏறத்தாழக் கி.பி. 1013இல் மறைந்தவர். அவருடைய ‘அத்தஸ்ரீஃப்’ முப்பது பகுதிகளைக் கொண்டது. முப்பதாம் பகுதி அறுவை மருத்துவம். அதில் பேறு பற்றிய அதிகாரங்கள் தொடர்ச்சியாக வருகின்றன. அவற்றுள் முதலாவது காபிலாவுக்குக் கற்பிப்பதற்காகவே எழுதப்பட்டது.

தலை முதலில் வருவதே இயல்பான பேறு என்று தொடங்கி, அதற்கான அறிகுறிகளைச் சொல்கிறார். பனிக்குடம் உடையாவிடில் காபிலா நகத்தாலோ சிறு கத்தியாலோ அதைக் கிழிக்க வேண்டும். பின்பு இயல்பு பிறழ்ந்தவை. கால் முதலில் வந்தால் எப்படி, கை வெளிப்பட்டால் எப்படி, முழங்கால் வந்தால், குறுக்கே கிடந்தால், இரட்டையாயின் எப்படி என்று ஒவ்வொன்றாக விரிக்கிறார். மெல்ல உள்ளே தள்ளித் திருப்புதல், எண்ணெயும் வெந்தயக் கஞ்சியும் கொண்டு வழியை இளக்குதல், தாயை இன்ன நிலையில் படுக்கவைத்தல் என்று எல்லாமே கை செய்ய வேண்டிய வேலைகள். இவற்றில் பவுலுஸின் நூலுக்கு அவர் பட்ட கடன் பெரிது. அதனால் அவர் பெருமை குறைந்துவிடாது.

அடுத்த அதிகாரங்கள் படிக்கக் கடினமானவை. வயிற்றில் சிசு இறந்துவிட்டால் தாயைக் காப்பாற்ற அதை வெளியே எடுக்க வேண்டும். அதற்கான கொக்கிகள், திருகு பூட்டிய விரிகருவிகள், தலையை நசுக்கும் கருவி ஆகியவற்றின் படங்களை வரைந்து காட்டுகிறார். அந்நூலில் உள்ள ஏறத்தாழ இருநூறு கருவிப் படங்களுள் இவையும் அடங்கும். நம் காலத்துக் கட்டுரையாளர் சிலர் இவற்றைக் காட்டி, உயிருள்ள குழந்தையை எடுக்கும் ஆயுதத்தை முஸ்லிம்களே முதலில் கண்டனர் என்று எழுதிவிடுகின்றனர். அவ்வாறு பெருமை பேச வேண்டிய தேவை இல்லை. சிசு போய்விட்ட பின்னும் தாயை விட்டுவிடக் கூடாது என்று ஒரு மருத்துவர் இரும்பில் கருவி செய்து வைத்திருந்தார் என்பதே போதுமான செய்தி.

தாம் கண்ட ஒரு பெண்ணைப் பற்றியும் அவர் எழுதுகிறார். அவள் வயிற்றில் கரு இறந்தது, வெளிவரவில்லை. மீண்டும் கருவுற்றாள்; அதுவும் இறந்தது. நெடுங்காலம் கழித்துக் கொப்பூழ் அருகே கட்டி கிளம்பி, உடைந்து சீழ் வடிந்தது. அழைக்கப்பட்ட ஸஹ்ராவீ பலநாள் மருந்திட்டும் புண் ஆறவில்லை. வலிய மருந்து வைத்து இழுத்தபோது ஓர் எலும்பு வந்தது. சில நாளில் மற்றொன்று. வயிற்றில் எலும்பு ஏது என்று திகைத்தவர், அது இறந்த சிசுவின் எலும்பு என்று உணர்ந்தார். தேடித் தேடிப் பல எலும்புகளை எடுத்தார். சிறிதளவு சீழ் வடிந்தபடியே அவள் அதற்குப் பின் நெடுநாள் நலமாக வாழ்ந்தாள். அரிய நிகழ்ச்சி என்பதால் மருத்துவர்க்குப் பயன்படும் என்று பதிவு செய்ததாக அவர் சொல்கிறார். அவள் பெயர் இல்லை. இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே புதைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நடமாடிய அவள் பட்டது என்னவென்று கேட்க அந்த ஏட்டில் இடமும் இல்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டு கடந்து அவளை நாம் அறிகிறோம்.

பெண்களுக்குக் கல்லடைப்பு அறுவை செய்வது பற்றிய மற்றோர் அதிகாரத்தில் ஸஹ்ராவீ ஒரு குறையைச் சொல்கிறார். பெண்கள் தம் உடலை ஆண் மருத்துவரிடம் காட்டத் தயங்குகின்றனர். தேர்ந்த பெண் மருத்துவரோ கிடைப்பது அரிது. கிடைக்காவிடில், பெண் நோயறிந்த காபிலாவை உடன் வைத்துக்கொண்டு, மருத்துவர் சொல்லச் சொல்ல அவள் செய்ய வேண்டும். இந்தக் குறையை நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம். ஸஹ்ராவீக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் பெண் மருத்துவர் முற்றிலும் இல்லாமல் போய்விடவில்லை. புகழ்பெற்ற இப்னு ஸுஹ்ர் குடும்பத்தில் ஒரு சகோதரியும் அவர் மகளும் பெண் மருத்துவத்தில் தேர்ந்திருந்தனர் என்றும், முவஹ்ஹித் மன்னர் அல்மன்ஸூரின் இல்லத்துப் பேறுகளை அவர்களைத் தவிர வேறெவரும் பார்த்ததில்லை என்றும் இப்னு அபீ உஸைபிஆ எழுதியிருக்கிறார். மன்னர் மனைக்குக் கிடைத்தது, மற்ற வீடுகளுக்கு?

ஏட்டில் உள்ள பேற்றைக் கண்ணாலும் காணலாம். ஹிஜ்ரி 634இல் (கி.பி. 1237) யஹ்யா அல்வாஸிதீ என்ற ஓவியர் ஹரீரீயின் மகாமாத் நூலுக்குத் தீட்டிய படங்கள் பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. அவற்றுள் ஒன்று பேற்றறை. மேல்தட்டில் வீட்டுத் தலைவர் வீற்றிருக்கிறார். இருபுறத்தில் ஒருவர் நேரங்கணிக்கும் அஸ்தர்லாபோடும் மற்றவர் எழுதுகோலோடும். ஒருவர் நாளைக் கணிக்க, மற்றவர் தாயத்து எழுதுகிறார். கீழே, படத்தின் பெரும்பகுதியை நிறைத்துக்கொண்டு, நோவுற்ற பெண் அமர்ந்திருக்கிறாள். பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்திருக்க, காபிலா எதிரே இருக்கிறாள். மேலே மூன்று ஆண்கள் கணக்கிலும் எழுத்திலும் இருக்கையில், வேலை கீழேதான் நடக்கிறது.

இனி, ஸஹ்ராவீ சொன்ன தயக்கத்தைச் சட்ட அறிஞர் எப்படி எதிர்கொண்டனர் என்று பார்ப்போம். ஆண்கள் நுழையாத அறையில் நடப்பவற்றுக்குப் பெண்ணின் சொல்லே சான்று. பிறந்தது உண்டா, குழந்தை அழுததா என்ற வினாக்களில் வாரிசுரிமையே அடங்கியிருக்கிறது. ஹனஃபீ அறிஞர் ஒரே ஒரு காபிலாவின் சாட்சியையும் ஏற்றனர். மாலிகீகள் இருவரைக் கேட்டனர். நம் கடற்கரை ஊர்களில் பரவியுள்ள ஷாஃபிஈ மத்ஹபு நால்வரைக் கேட்டது. எண்ணிக்கையில் வேறுபட்டாலும் பெண்கள் மட்டுமே சாட்சியாக நிற்கலாம் என்பதில் ஒத்திருந்தனர். மருத்துவர் பார்ப்பதைப் பொறுத்தவரை, தேவை வந்தால் ஆண் மருத்துவரும் பார்க்கலாம் என்பது நவவீயின் மின்ஹாஜ் முதலிய நூல்களில் உள்ளதே. பெண் கிடைத்தால் அவளுக்கே முதலிடம்.

மர்கீனானீ (மறைவு கி.பி. 1197) தம் ‘ஹிதாயா’வில் இதற்கும் ஒரு படி மேலே செல்கிறார். நோயுற்ற இடத்தை மருத்துவர் தேவை கருதிப் பார்க்கலாம் என்று சொன்னவர், அதற்கு முன்னர் அவர் ஒரு பெண்ணுக்கு அம்மருத்துவத்தைக் கற்றுக்கொடுப்பதே தகும் என்கிறார். அது இயலாதபோது, நோயுள்ள இடம் தவிர மற்றவற்றை மூடிவிட்டு மருத்துவர் பார்க்க வேண்டும். ஆக, பெண்ணின் மறைவைப் பேணுவதற்கு அந்த நூல் காட்டும் முதல் வழி, பெண்ணுக்குக் கற்பித்தல். இரண்டாவது வழி, ஆண் பார்த்தல். எவரும் பாராமல் அவளை விட்டுவிடுதல் என்ற மூன்றாம் வழி அங்கே இல்லை. ஹிதாயா நம் அரபு மத்ரஸாக்களிலும் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் நூல்.

முதல் வழியை அரசே மேற்கொண்ட நிகழ்ச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டு எகிப்தில் நேர்ந்தது. முஹம்மது அலீ பாஷாவின் ஆட்சியில் குலோத் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1827இல் அபூஸஅபலில் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். 1832இல் மருத்துவச்சியர்க்கும் பள்ளி திறக்கப்பட்டது. பெண்ணை அனுப்ப எந்தக் குடும்பமும் முன்வரவில்லை. எனவே சந்தையில் அபிசீனிய, சூடானிய அடிமைச் சிறுமியர் பதின்மர் வாங்கப்பட்டு முதல் மாணவியராயினர். பின்னர் ஆதரவற்ற சிறுமியர் சேர்க்கப்பட்டனர். முதலில் அரபி எழுதப் படிக்கக் கற்று, அதன் மேல் பேறு பார்த்தலும், அம்மை குத்துதலும், காயத்துக்கு மருந்திடலும் கற்றனர். தேர்ச்சி பெற்றவர் ‘ஹகீமா’ எனப்பட்டார். அவருக்குப் படைத்துறைப் பதவி நிலையும், அரசு பார்த்து முடித்துவைத்த மருத்துவக் கணவரும் கிடைத்தனர். அவர் விருப்பத்தைக் கேட்டவர் எவருமில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எகிப்தின் ஊர்ப்புற மருத்துவச்சிக்குத் ‘தாயா’ என்று பெயர். பாரசீகத்திலிருந்து வந்த சொல். நம் ‘தாய்’க்கும் அதற்கும் செவிக்கு மட்டுமே உறவு. ஹகீமாக்களுக்கும் தாயாக்களுக்கும் இணக்கம் இருந்ததில்லை. இருந்தும் அந்தப் பள்ளி நிலைத்தது. முதல் அணியில் பயின்ற ஓர் அபிசீனியப் பெண்ணின் மகளான ஜலீலா தம்ரஹான் பிற்காலத்தில் அப்பள்ளியின் தலைமை ஆசிரியையாகி, பேறு மருத்துவம் பற்றி அரபியில் நூலும் எழுதினார். குர்துபாவில் காபிலாவுக்காக ஆண் எழுதினார். கெய்ரோவில் அடிமைச் சந்தையில் வாங்கப்பட்டவளின் மகளே எழுதினார்.

தமிழகத்துக்கு இந்த வழி வந்தது வேறு கைகளால். சென்னை எழும்பூரில் பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கிற்று. கோஷாப் பெண்கள் அங்கே வருவதில்லை. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது முதலில் நுழைந்த நால்வருள் ஒருவர் மேரி ஷார்லீப். வழக்கறிஞர் ஒருவரின் மனைவியாகச் சென்னைக்கு வந்து, பேறுகாலத்தில் இந்நாட்டுப் பெண்கள் படும் துயரைக் கண்டு மருத்துவம் பயின்றவர். 1885இல் அவர் முயற்சியால் கோஷாப் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை அமைந்தது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி பெயரில் விளங்கும் அதனைப் பழையவர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்வர். பெண்ணே பார்ப்பாள் என்ற உறுதி இருந்ததால் பல்லக்கிலும் திரையிட்ட வண்டியிலும் நம் பெண்கள் வந்தனர்.

ஆனால் அது சென்னையில். ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தெற்கே, திண்டிவனத்தில், 1890களின் தொடக்கத்தில் ஓர் இரவு. அமெரிக்க மிஷன் மருத்துவர் ஜான் ஸ்கட்டரின் வீடு. அவர் மகள் ஐடா விளக்கடியில் அமர்ந்திருக்க, அடுத்தடுத்து மூவர் வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், அடுத்தவர் முஸ்லிம், மூன்றாமவரும் இந்து. மூவர் மனைவியரும் பேற்றில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். நான் மருத்துவம் படித்தவளில்லை, என் தந்தை வருவார் என்றார் ஐடா. மூவரும் மறுத்துத் திரும்பினர். அந்நிய ஆண் எவனும் தன் மனைவியின் முகத்தைப் பார்த்ததில்லை என்பதே அந்த முஸ்லிம் கணவர் சொன்ன காரணம். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். ஐடா ஸ்கட்டர் பிற்காலத்தில் பன்முறை எடுத்துரைத்த நிகழ்ச்சி இது. அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி, 1902இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனையையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் அவர் நிறுவியதற்கு அந்த இரவே காரணமாயிற்று. பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியால் நமக்கு நெருக்கமான வேலூரில்தான் அந்தப் பள்ளியும் எழுந்தது.

இக்கதையை மிஷன் வரலாறாகக் கேட்டுக் கடந்துவிடுவது நமக்கு எளிது. நம் பக்கத்திலிருந்து ஒரு முறை கேட்க வேண்டும். அந்தக் கணவர் கல்நெஞ்சரல்லர். நள்ளிரவில் மிஷன் வீட்டுக் கதவைத் தட்டும் அளவு மனைவியை நேசித்தவர். தாம் மார்க்கத்தைப் பேணுவதாகவே அவர் நம்பியிருப்பார். அவசியம் வந்தால் ஆண் மருத்துவர் பார்க்கலாம் என்ற சட்டத்தை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்லியிருக்கவில்லை. அதற்கு முன்பே ஒரு பெண்ணுக்குக் கற்பித்திருக்க வேண்டும் என்ற கடமையை அவர் மட்டும் தவறவிடவில்லை, ஊரே தவறவிட்டிருந்தது. அந்த வீட்டில் அவ்விரவு ஒரு மருத்துவச்சி இருந்திருப்பாள் என்றே நாம் எண்ணுகிறோம். கை சோர்ந்த பிறகுதான் கணவர் வெளியே ஓடியிருப்பார். அரிசியும் துணியும் கொடுத்து அனுப்பப்படும் அந்தக் கைக்கு, குறுக்கே கிடக்கும் சிசுவைத் திருப்பும் முறையை எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது தஸ்ரீஃபில் எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுதப்பட்டிருந்தது.

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் பாட்டிமார் சொல்வர். அது அன்று உவமையன்று, கணக்கு. இன்று அந்தக் கணக்கு மாறியிருக்கிறது. தமிழகத்தில் 2018–20 காலத்தில், உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார் இறந்ததாக அரசின் மாதிரிப் பதிவு முறை கணக்கிட்டது. கிராமத்துச் செவிலியரும், பெண் மருத்துவரும், மருத்துவமனைப் பேறும் சேர்ந்து செய்த வேலை அது. நம் சமுதாயத்துப் பெண்கள் மருத்துவக் கல்லூரிகளில் பயில்வது இன்று செய்தியாகக்கூட இல்லை.

வேறோரிடத்தில் அது மீண்டும் செய்தியாகியிருக்கிறது. 2024 டிசம்பரில் ஆப்கானிஸ்தானில் பெண்கள் செவிலியர், மருத்துவச்சிப் பயிற்சி பெற்றுவந்த நிலையங்களுக்கு அவர்கள் வருவது தடுக்கப்பட்டது. பல்கலைக்கழகங்களின் கதவு 2022இலேயே அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. ஆண் மருத்துவர் பெண்ணைப் பார்ப்பதற்கும் பல இடங்களில் கட்டுப்பாடு உண்டு. பேற்றில் தாய்மார் மிகுதியாக இறக்கும் நாடுகளுள் அதுவும் ஒன்று. முன்பே பயின்ற மருத்துவச்சியரே அங்கே பேறு பார்க்கின்றனர். அவர்களுக்கு அடுத்து வரவேண்டியவர்கள் வகுப்பறையை விட்டு அழுதுகொண்டே வெளியேறினர். அந்நாட்டு மக்களுள் பெரும்பாலோர் ஹனஃபீகள். ஹிதாயா அங்கும் மத்ரஸாப் பாடநூல்.